கன்னத்துத் தனாக்காவை அழிக்காத கடை: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு புகைப்பட வேலை

எங்கள் ஆயா 2024 ஆடி மாதத்தில் வியாசர்பாடி வீட்டில் காலமானார். தொண்ணூறு நிறைய ஓராண்டு மீதமிருந்தது. முதலாமாண்டு நினைவு நாளுக்குள் அவருடைய பழைய படங்களைச் சரிசெய்து பெரிதாக்கி மாட்டுவதென்றும், வாழ்க்கைக் குறிப்போடு ஒரு சிறு நினைவு மலர் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுப்பதென்றும் வீட்டில் முடிவானது. இரண்டு வேலைகளையும் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு ஸ்டூடியோ செய்து கொடுத்தது. எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் பழைய படங்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் பீரோவின் மேல்தட்டில் கிடக்கின்றன. அவற்றை யாரிடம் கொடுப்பது, கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதனால் இந்தக் கடையில் எங்களுக்குக் கிடைத்ததை, குறைகளையும் மறைக்காமல், விரிவாக எழுதுகிறேன்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கடைக்கு நடந்தே போகலாம். எம்.சி. சாலையின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி, உள்ளே பிரியும் ஒரு சந்தில், தையற்கடைக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்கும் நடுவே இருக்கிறது. பலகையில் தனிப்பெயர் கிடையாது. ‘ஸ்டூடியோ, லேமினேஷன், பிரேம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எழுபதை நெருங்கும் ஒரு பெரியவரும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். படத்தைப் பார்த்துப் பேசுவது அவர். கணினியில் வேலை செய்வது மகள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. பண்டிகைக் காலத்து மாலை நேரங்களில் அந்தச் சாலையில் நிற்கவே இடம் இருக்காது என்பதால் காலை பதினோரு மணிக்குப் போவது நல்லது. அப்போதுதான் பெரியவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். இந்தக் கடையில் வேலையின் பாதி அந்தப் பேச்சுதான்.

முதலில் நாங்கள் வேறோர் இடத்தில் ஒரு படத்தைக் கொடுத்து மனம் நொந்துபோனதைச் சொல்ல வேண்டும். ஆயாவின் படங்களிலேயே மூத்தது ரங்கூனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கல்யாணமாகி ஓராண்டு, பர்மியப் பெண்களைப் போல லுங்கியும் மெல்லிய வெள்ளை மேற்சட்டையும் அணிந்து, ஒரு பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறார். இரண்டு கன்னங்களிலும் வெளிறிய வட்டமாக ஏதோ பூசியிருக்கிறது. அந்தப் படத்தை வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாளே வேலையை முடித்துக் கொடுத்தார்கள். ஆயாவின் மாநிறம் போய் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது. தோளில் சரிகைக் கரை போட்ட பட்டுப் புடவை முளைத்திருந்தது. கன்னத்து வட்டங்களைப் பூஞ்சைக் கறை என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். பெரிய அத்தை அந்தப் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்றுதான் கேட்டார். பெற்ற மகளுக்கே அம்மாவை அடையாளம் தெரியவில்லை. கொடுத்த பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மனதாக இருந்தோம்.

கன்னத்தில் இருந்தது தனாக்கா. பர்மாவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையை, வட்டமான ஒரு கல்லில் தண்ணீர் தெளித்துச் சந்தனம் போல இழைத்தால் வரும் வெளிர்மஞ்சள் குழம்பு அது. வெயிலுக்குக் குளிர்ச்சி, அந்த நாட்டுப் பெண்களுக்கு அதுவே அலங்காரமும் கூட. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த ஆயாவுக்கு அது இல்லாமல் முகம் கழுவிய நிறைவு வராது. இந்தியா வந்த பிறகும், யாராவது கட்டை கொண்டுவந்து கொடுத்தால், அதைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். சித்திரை வெயிலில் எங்கள் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்தால், இழைத்த குழம்பை உள்ளங்கையில் எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வீச்சில் தடவிவிடுவார். காய்ந்ததும் தோல் இறுகும், அசைந்தால் பொடிப்பொடியாக உதிரும். அந்த இறுக்கம் இன்றும் என் முதுகுக்குத் தெரியும். அதைத்தான் அந்தக் கடை கறை என்று துடைத்திருந்தது.

இந்த அனுபவத்தோடுதான் எம்.சி. சாலைச் சந்துக்குப் போனோம். பெரியவர் மூலப் படத்தை உறையிலிருந்து எடுத்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரங்களில் இருந்த கருமையான இடங்கள் நீலம் கலந்த வெள்ளி போல மினுங்குவதைக் காட்டி, படத்தாளில் உள்ள வெள்ளி காற்றுப் பட்டு மேலே ஏறியிருக்கிறது, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது வருவதுதான் என்று விளக்கினார். அதன் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இது: “கன்னத்துல இருக்கிறது கறையாம்மா, பூச்சா?” நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக நாங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்த விஷயத்தை, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் தாமாகவே கேட்டார். இந்தக் கடையைப் பற்றி நான் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும் என்றால், அந்தக் கேள்வியை எழுதுவேன்.

தொட்டுப் பார்ப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் போட்டு, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன உடை, உடம்பில் மச்சமோ தழும்போ உண்டா, எதைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஆயாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு சிறு தழும்பு உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் ரங்கூனில் குண்டு வீசியபோது அவருக்கு ஆறு வயது. ஓடும் கூட்டத்தில் விழுந்து, படிக்கட்டின் ஓரம் கிழித்த காயம் அது. அன்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காட்டுவழியே இந்தியாவுக்கு நடந்தன. ஆயாவின் தாய் நிறைமாதமாக இருந்ததால் அவர்களால் நடக்க முடியவில்லை. நகரத்தை விட்டு ஒரு கிராமத்தில் ஒளிந்திருந்து, போர் முடிந்த பிறகு ரங்கூனுக்கே திரும்பினார்கள். அரை அங்குலத் தழும்பு அவ்வளவையும் வைத்திருக்கிறது. தாளில் ‘தழும்பு இருக்கட்டும்’ என்று பெரியவர் தம் கையால் எழுதி அடிக்கோடிட்டார்.

படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறார்கள் என்பது நாங்கள் எதிர்பாராத இன்னொரு நன்மை. ஆயா ரங்கூனில் படித்தது பர்மிய எழுத்து. தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் சத்துணவுக் கூடத்துப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். ஆகவே பழைய படங்களின் முதுகில் பென்சிலால் பர்மிய எழுத்திலேயே குறித்து வைத்திருந்தார். வட்டங்களும் பாதி வட்டங்களுமாக இருந்த அந்தக் குறிப்புகள் நிறம் மங்கி, கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருந்தன. மகள் அவற்றை ஸ்கேன் செய்து கருமையைக் கூட்டியதும் எழுத்தும் எண்ணும் துலங்கி எழுந்தன. எங்கள் தெருவில் பர்மாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார். அவரிடம் காட்டி ஆண்டுகளைத் தெரிந்துகொண்டோம். அறுபது எழுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டிலேயே இருந்த செய்தி அது, படத்தின் முதுகில்.

இரண்டாவது படம் தபால்தலையைவிடச் சற்றே பெரியது. பர்மாவை விட்டு வெளியேறுவதற்காகக் கொடுத்த சான்றிதழில் ஒட்டியிருந்தது. ஆயாவோடு மூன்று பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். 1962-இல் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. தாத்தாவின் சிறிய துணிக்கடை முதல் அறிவிப்பில் போயிற்று. கடையில் மிச்சமிருந்த பணம் அடுத்ததில் போயிற்று. 1965-இல் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் இருந்தவை உடுதுணிகளும் இரண்டு பாத்திரங்களும் தனாக்கா இழைக்கும் அந்த வட்டக் கல்லும்தான். தாலியைத் தவிர வேறு நகை எதுவும் வரவில்லை. அவ்வளவு இழப்பிலும் கனமான ஒரு கல்லை ஏன் சுமந்து வந்தார் என்று நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “அதை யாரும் பிடுங்கமாட்டாங்கன்னு தெரியும்” என்பார்.

அந்தச் சிறு படத்தின்மேல் அரசு முத்திரையின் கால்வட்டம், நைனாவின் நெற்றியிலும் ஆயாவின் தோளிலும் விழுந்திருக்கிறது. முத்திரையை எடுத்துவிடலாமா என்று கடையில் கேட்டார்கள். நைனா சற்றும் யோசிக்காமல் வேண்டாம் என்றார். 1,200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கிழிசலை மட்டும் சேர்த்து, முத்திரையை அப்படியே விட்டு, அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் போனால் முகம் குழம்பிவிடும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அஞ்சலட்டை அளவிலேயே சின்ன அத்தையின் கை ஆயாவின் சட்டை நுனியைப் பற்றியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. மூலப் படத்தில் அது வெறும் கறுப்புப் புள்ளியாக இருந்தது. மூன்று வயதில் தாம் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சின்ன அத்தை அறுபது வயதுக்கு மேல்தான் பார்த்தார்.

வண்ணப் படங்களில் அவர்கள் வேலை இன்னும் மேலானது. பெரிய அத்தையின் கல்யாணம் 1979-இல் நடந்தது. அந்தக் காலத்து வண்ணப் படங்கள் ஆல்பத்தில் மூடியே இருந்தாலும் நாளாக நாளாகச் சிவந்துபோகின்றன; படத்தில் உள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்று மகள் விளக்கினார். எங்கள் படத்தில் மணமேடை, வாழைமரம், ஆட்கள், சாப்பாட்டு இலை எல்லாம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தன. இழந்த நிறத்தைக் கணினி தானாகவே ஊகித்துப் போட்டுவிடும். ஆனால் ஊகத்தில் போட்டால் புடவை நீலமாகவும் வரலாம், பச்சையாகவும் வரலாம் என்று சொல்லி, அன்று ஆயா கட்டியிருந்த புடவையின் நிறம் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். சின்ன அத்தை மறுநாள் புடவையையே கொண்டுவந்துவிட்டார். இலைப்பச்சையில் அரக்குக் கரை போட்ட அந்தப் பருத்திப் பட்டை, ஆயா மூன்று கல்யாணங்களுக்குக் கட்டிய பிறகு, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். மகள் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, திரையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தார். புடவையின் பச்சை நேரானதும் வாழை இலை தானாக நேரானது. அதன் பின் ஆயாவின் முகத்தில் அவருடைய மாநிறம் திரும்ப வந்தது. அந்த ஒரு மணி நேரமும் நான் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் படத்துக்கு அவர்கள் வாங்கியது 1,200 ரூபாய். இரண்டு மடங்கு கேட்டிருந்தாலும் மனதாரக் கொடுத்திருப்போம்.

ஒரு படத்தைச் செய்ய முடியாது என்றும் சொன்னார்கள். அதையும் நான் கடைக்குப் பெருமையாகவே எழுதுகிறேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் கிராமங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. கணவரை இழந்த பெண்களுக்கு அந்த வேலைகளில் முன்னுரிமை இருந்தது. தாத்தா 1971-இல் இறந்துவிட்டிருந்தார். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் ஆயா உதவியாளராகச் சேர்ந்தார். வீட்டில் எங்களுக்கு ஆயா. அங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் ஆயா. பதினோரு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். 1989-இல் சாப்பாட்டோடு முட்டை சேர்ந்தபோது, முட்டை போடும் நாளில் விடியும் முன்பே எழுந்து போய்விடுவார் என்று நைனா சொல்லுவார்; ஒரு பிள்ளைக்குக்கூட உடைந்த முட்டை போகக்கூடாது என்பது அவர் வைராக்கியம். கூடத்துக்கு முன்னால் ஊழியர்களும் பிள்ளைகளுமாக நிற்கும் 1983-ஆம் ஆண்டுப் படம் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் ஆயா பின்வரிசையில் கரண்டியோடு நிற்கிறார். முகம் ஒரு மிளகு அளவுதான் இருக்கும்.

அந்த முகத்தைத் தனியாக எடுத்துப் பெரிதாக்கித் தரும்படி கேட்டோம். பெரியவர் தலையசைத்து மறுத்தார். “இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டா கண்ணு மூக்கு வாய் எல்லாம் வச்சு அழகா ஒரு முகம் வரும்மா. ஆனா அது உங்க ஆயா முகமா இருக்காது. அதை நீங்க மாலை போட்டுக் கும்பிடுவீங்க. அது வேண்டாம்” என்றார். அதன் பிறகு அந்தப் படத்தை முழுமையாகவே, பிள்ளைகளோடும் பாத்திரங்களோடும் சேர்த்து, கறை நீக்கி அச்சிட்டுக் கொடுத்தார். பெரிதாக்கித் தருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆயாவின் வாழ்க்கையில் ஒரு பெரும் பகுதிக்குப் படமே இல்லை. தாத்தா போன பிறகு சத்துணவு வேலை கிடைக்கும் வரையில், பதினோரு ஆண்டுகள், மூன்று பிள்ளைகளை அவர் அத்தோ விற்றுத்தான் வளர்த்தார். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969-இல் தொடங்கிய பர்மா பஜாரையும் கடற்கரை ரயில் நிலையத்தையும் அறியாத வடசென்னைக்காரர் இருக்கமாட்டார். அந்தப் பக்கத்து நடைபாதையில் ஒரு ஸ்டூலும் இரண்டு தூக்குகளும் ஒரு அரிக்கேன் விளக்குமாக ஆயாவின் கடை இருந்தது. நூடுல்ஸையும் பொடியாக அரிந்த முட்டைக்கோஸையும் பொரித்த வெங்காயத்தையும் புளித்தண்ணீரையும் பூண்டெண்ணெயையும் மிளகாய்த்தூளையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். துறைமுகத் தொழிலாளர்களும் மண்ணடிக் கடைப் பையன்களும் நின்றபடியே சாப்பிட்டுப் போவார்கள். பூண்டெண்ணெய் வாசம் அவர் கையைவிட்டுக் கடைசிவரை போகவில்லை என்று பெரிய அத்தை இன்றும் சொல்கிறார். சாப்பிட வந்தவர்களில் யாரும் ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்கும் காலமும் அது இல்லை.

இந்த இடைவெளியைப் பற்றிச் சொன்னபோது, அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மகள் கேட்டார். இருந்தது: ஆயாவின் கணக்கு நோட்டு. பர்மிய எண்களில் அன்றன்றைய செலவும் வரவும். பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை, நடுவில் இன்னும் சிவப்பு ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து மலரில் ஒரு முழுப் பக்கமாகப் போடலாம் என்று அவர்களே யோசனை சொன்னார்கள். கறையை எடுப்பதா என்று கேட்கவே இல்லை. அதற்குள் அவர்களுக்கு எங்கள் ஆயாவைத் தெரிந்திருந்தது. நினைவு நாளன்று வந்தவர்கள் வேறெந்தப் படத்தையும்விட அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள். கறையின்மேல் விரல் வைத்துப் பார்த்தவர்களையும் கண்டேன்.

சட்டம் போடுவதிலும் அவர்களுக்கு அனுபவம் உண்டு. படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி மாட்டக்கூடாது; இடையில் அட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். எங்கள் வீட்டுத் தாத்தா படம் அப்படி ஒட்டிப்போனதுதான். அதைப் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, புதிதாக ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஒட்டிப்போன படம் வைத்திருப்பவர்கள் வீட்டில் கத்தியை வைத்து நெம்பாமல் அப்படியே கொண்டுபோகலாம்.

நினைவு மலரைப் பொறுத்தவரை என் பாராட்டு இவ்வளவு தாராளம் அல்ல. தாளைத் தேர்ந்தெடுத்ததில் குறையில்லை. பளபளக்கும் தாள் வேண்டாம், வயதானவர்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும் என்று சொல்லி, மங்கலான வழவழப்புள்ள தாளை ஆண்டர்சன் தெருவிலிருந்து வாங்கிவந்தார்கள். ஆனால் தமிழ்த் தட்டச்சு அவர்களிடம் இல்லை. வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் பிழைகள் தீரவில்லை. ஒற்றெழுத்துகள் போன இடம் தெரியவில்லை. மலர் போட நினைப்பவர்கள் எழுத்தைத் தாங்களே யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை பார்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. பதினைந்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை இருபத்தாறு நாளில்தான் கைக்கு வந்தது. நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நைனா தினமும் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் தினமும் நாளை என்றார்கள். வேலை நேரமெடுக்கும் என்றால் முதலிலேயே ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெரியவரைப் போன்ற நேர்மையானவரிடம் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

ஒரு பிழை எங்களுடையது. ரங்கூன் படத்தின் கீழே ‘1955’ என்று கொடுத்துவிட்டோம். பெரிய அத்தை பிறந்தது 1955 தையில். படத்திலோ ஆயா தனியாக, ஒல்லியாக நிற்கிறார். அச்சான பிறகுதான் பெரிய அத்தைக்கே அது உறைத்தது. தெருவிலிருந்த பெரியவரிடம் மறுபடியும் காட்டினோம். பர்மிய எழுத்தில் நான்கும் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கடைசி எண் நான்குதான் என்றார். தவறு எங்களுடையது என்று தெரிந்தும், அந்தத் தாளை மட்டும் மறுபடி அச்சிட்டுச் சேர்க்கக் கடைக்காரர் தாள் விலையை மட்டுமே வாங்கிக்கொண்டார்.

செலவைச் சொல்கிறேன். ஸ்கேன் ஒரு படத்துக்கு 40 ரூபாய். சரிசெய்யும் கூலி படத்தின் நிலையைப் பொறுத்து 350 முதல் 1,800 ரூபாய் வரை. பதினொரு படங்களுக்குச் சட்டத்தையும் சேர்த்து 9,200 ரூபாய் ஆயிற்று. 24 பக்க மலர் 150 படிகள், ஒன்றுக்கு 95 ரூபாய். கோப்புகளைச் சுருக்காமல் முழு அளவில் பென் டிரைவில் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூலப் படங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, தனித்தனி உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. 2015 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது ஒரு ஆல்பம் முழுகிவிட்டது. அதில் ஏழு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து ஒரே பலகையாக இருக்கின்றன. நடுவில் இருப்பவற்றில் ஒன்று, ஆயா பணி ஓய்வு பெற்ற நாளில் பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நிற்பது என்று சின்ன அத்தை உறுதியாகச் சொல்கிறார். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெல்ல மெல்லப் பிரிக்கலாம், ஆனால் ஒரு முறை காய்ந்து இறுகிய படங்கள் என்பதால் சில மட்டும் பிழைக்கலாம், எல்லாமே கரைந்துபோகவும் கூடும் என்று பெரியவர் சொன்னார். மூன்று பிள்ளைகளும் ஒருமனதாகச் சரி என்றால்தான் அந்த உறையை வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். பெரிய அத்தையும் நைனாவும் சரி என்றுவிட்டார்கள். சின்ன அத்தை, பிரிக்காவிட்டாலும் உள்ளே அம்மா இருக்கிறார் என்ற எண்ணம் போதும் என்கிறார். அவர் மனம் மாறும்வரை அந்த உறை எங்கள் பீரோவிலேயே, தனாக்காக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும்.